மிரட்டித் திருத்துவதா, வீட்டுக்குப் போய்ப் பேசுவதா?

குற்றம் செய்து மாட்டிய பிள்ளைகளைத் திருத்த அமெரிக்காவில் முயன்ற வழிகளில் இரண்டு நேர் எதிரானவை.

ஒன்று ‘ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்’. 1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் தொடங்கியது. பையன்களை உள்ளே அழைத்துப்போய், முகத்துக்கு நேராகக் கத்தி, சிறை வாழ்க்கையைச் சொல்லி மிரட்டுவார்கள். செலவு குறைவு, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், போய்வந்தவர்களே அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். சும்மா விட்டிருந்தாலே தேவலாம்!

இன்னொன்று ‘மல்டிசிஸ்டமிக் தெரபி’. ஒரு சிகிச்சையாளருக்கு நான்கைந்து குடும்பங்கள்தான். மூன்று முதல் ஐந்து மாதம் வீட்டுக்கே வருவார். ராத்திரி சண்டை வந்தாலும் போன் செய்யலாம். பையன் யாரோடு சுற்றுகிறான், ஏன் பள்ளிக்குப் போவதில்லை, அம்மா பேச்சு ஏன் எடுபடவில்லை, எல்லாம் கணக்கில் வரும். 1995இல் வெளியான மிசௌரி மாநில ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் நான்கு ஆண்டுகளில் மீண்டும் கைதானவர்கள் 26 சதவீதம். தனிநபர் சிகிச்சை பெற்றவர்களில் 71.

சரி, எல்லா இடத்திலும் இப்படியா என்றால், இல்லை. இங்கிலாந்தில் 684 குடும்பங்களோடு நடந்த சோதனையில் வழக்கமான உதவியை இது மிஞ்சவில்லை. அங்கே வழக்கமான உதவியே ஓரளவு நன்றாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. சிகாகோவில் பிடிபட்ட சிறார்களை அடைத்துவைக்கும் மையத்தில் 1,829 பேரை ஆராய்ந்தபோது, பையன்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. அப்படிப்பட்டவனிடம் கத்துவதால் என்ன ஆகப்போகிறது? பணமில்லாத ஊர் என்றாலும் முதலாவதற்கு நான் கைதூக்க மாட்டேன்.