சர்க்கரை லிப்பிட்: நேர் வாலா, கிளைத்த வாலா?
சர்க்கரையை நீர் விரும்பும் தலையாகவும் ஹைட்ரோகார்பன் சங்கிலியை நீர் வெறுக்கும் வாலாகவும் வைத்து ஆய்வகத்தில் செய்யும் லிப்பிடுகளில் (கொழுப்பு வகை மூலக்கூறுகளில்) எதை எடுப்பது என்ற பேச்சு வந்தால், பலர் முதலில் தலையைத்தான் பார்க்கிறார்கள்: குளுக்கோஸா, மால்டோஸா? என்னைக் கேட்டால் வாலை முதலில் பாருங்கள். தலை பெரும்பாலும் வெப்பநிலையை மாற்றும். திரவப் படிகத்தின் (திரவம் போல் இளகியும் படிகம் போல் ஒழுங்காகவும் இருக்கும் நிலையின்) வடிவத்தையே புரட்டிப் போடுவது வால்.

நேர் வாலுக்கு நல்ல மாதிரி எட்டு கார்பன் கொண்ட பீட்டா ஆக்டைல் குளுக்கோசைடு. உலர்ந்த பொடியைச் சூடாக்கினால் 70 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். ஆனால் தெளியாது, கலங்கலாகவே இருக்கும். வால்கள் இளகிவிட்டாலும் சர்க்கரைத் தலைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால் அடுக்கு நிலை நீடிக்கிறது; 107 டிகிரி வாக்கில்தான் முழுத் திரவம். இப்படி இரண்டு உருகுநிலை காட்டும் குளுக்கோசைடுகளை 1938-லேயே வேதியியலாளர்கள் நோலரும் ராக்வெல்லும் பதிவு செய்தார்கள்.

இதே பொடியைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு, முனைவுறு ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள். நீர்ப் பக்கம் அறுகோண நிலை (மூலக்கூறுகள் உருளைகளாகத் திரண்டு அறுகோண வரிசையில் நிற்பது), உள்ளே அடுக்கு நிலை, இரண்டுக்கும் நடுவே கன்னங்கரேலென ஒரு பட்டை. ஒன்றுமில்லாத இடம் போலத் தோன்றும். கனசதுர நிலை, அதாவது முப்பரிமாண வலைப்பின்னல், அங்கேதான் இருக்கிறது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒளியைக் காட்டாது. தகட்டை அழுத்தினால் கெட்டியாக நிற்பதை வைத்துப் பிடிக்கலாம்.

கிளைத்த வால், குறிப்பாக இரண்டாம் கார்பனில் பிரியும் கெர்பெட் ஆல்கஹாலிலிருந்து வருவது, வேறு குணம். அதே எண்ணிக்கைக் கார்பன்தான், ஆனால் அகலம் கூடிவிடுகிறது. உருகுநிலை சட்டென்று இறங்கும். கிளை போதிய நீளம் இருந்தால் பரப்பு நீரை நோக்கி வளைந்து தலைகீழ் அறுகோணமோ தலைகீழ் கனசதுரமோ உருவாகும். ஒரு சிக்கல்: கிளை பிரியும் கார்பன் கைரல் (இடக்கை, வலக்கை போல இரு அமைப்பு எடுக்கக்கூடியது) என்பதால் சாதாரண ஆல்கஹாலிலிருந்து தொடங்கினால் இரண்டு டயஸ்டீரியோமர்களின், அதாவது இட அமைப்பில் மட்டும் வேறுபடும் வடிவங்களின், கலவை கிடைக்கும். பிரிப்பது பெரும்பாடு. பலர் பிரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். படிகமாகாமல் இருக்க அது உதவவும் செய்கிறது.

தலை விஷயத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆல்ஃபா ஆக்டைல் குளுக்கோசைடு (வால் சர்க்கரையில் எதிர்ப்பக்கமாக இணைந்தது) பீட்டாவைவிட உயர்ந்த வெப்பநிலையில் தெளியும். அறை வெப்பநிலை நீரில் சரியாகக் கரையாது. மால்டோஸ் தலை வைத்து வாலையும் நீட்டினால் தெளியும் வெப்பநிலை 200 டிகிரியைத் தாண்டும், அதற்குள் பழுப்பாகிச் சிதையத் தொடங்கிவிடும்.

சரி, எதை எடுப்பது? செல் சவ்வில் பதிந்திருக்கும் புரதத்தைக் கரைத்தெடுக்க நேர் வால்தான். ஆக்டைல் குளுக்கோசைடு 20 மில்லிமோலார் அளவுக்கு மேல்தான் மைசெல் (மூலக்கூறுகளின் சிறு திரள்) ஆகும் என்பதால் பிறகு டயாலிசிஸில் (நுண்துளைச் சவ்வு வழியே பிரிப்பதில்) எளிதாக வெளியேறும். புரதத்தைக் கனசதுர நிலைக்குள் வைத்துப் படிகமாக்கவோ மருந்தைப் பொதியவோ என்றால் கிளைத்த வால். அங்கே உண்மையான போட்டி மோனோஒலீன் (கிளிசராலும் ஒலெயிக் அமிலமும் சேர்ந்த லிப்பிட்). லாண்டோவும் ரோசன்புஷ்ஷும் 1996-ல் காட்டிய புரதப் படிகமாக்கல் முறை அதை வைத்துத்தான். ஆனால் அதன் எஸ்டர் பிணைப்பு காரத்தில் உடையும், குளுக்கோசைடு தாங்கும். வலுவான அமிலம் என்றால் இரண்டையும் நம்ப வேண்டாம்.