அம்மாவின் சுகர் மாத்திரையும் கும்பகோணத்து மருந்துக்கடையும்

இந்த முறை ஊருக்குப் போனது முக்கியமாக அம்மாவின் மருந்து விஷயத்தைச் சரிபார்க்கத்தான். அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. லண்டனில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சுப்பா" என்று பதில் வரும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. வெளிநாட்டிலிருந்து பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு உதவும் என்று, பார்த்ததை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை கிடைப்பதில் கும்பகோணம் பக்கத்து எங்கள் கிராமத்தில் குறையே இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடி வரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருக்கோடி வரை ஒழுங்காக நடக்கிறது. வருகிற தன்னார்வலர் பெண் இதே ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிரஷர் பார்க்கிறார், விரலில் குத்தி சுகர் பார்க்கிறார். பிறகு, "என்ன பாட்டி, போன அட்டைல மிச்சம் இருக்கா? எடுத்துட்டு வாங்க" என்கிறார். மிச்சம் இருந்தால் வேளை தவறியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. விருது கிடைத்தது. எங்கள் திண்ணையில் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். அம்மா டவுனில் ஒரு தனியார் கிளினிக்கிலும் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே எழுதிய மாத்திரையில் கிளிமிபிரைடு, மெட்பார்மின் 500 மில்லிகிராம் என்று இரண்டு சர்க்கரை மருந்து சேர்ந்தே இருக்கிறது. அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர். உள்ளே என்ன மருந்து என்பது பின்பக்கம் பொடி எழுத்தில். அதைக் காலை, இரவு போடுகிறார். கூடவே அரசு ஆஸ்பத்திரி மெட்பார்மின் 500, அதுவும் இரண்டு வேளை. இரண்டிலும் மெட்பார்மின் இருக்கிறது என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. மொத்தம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம். கிளினிக் சீட்டோ நான்கு வருடப் பழசு. தீர்ந்ததும் வெறும் அட்டையைக் கடையில் நீட்டினால் அதே அட்டை வரும். யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

இங்கிலாந்தில் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வருடம் ஒரு முறை ரத்தம், சிறுநீரகம், கால், கண் எல்லாம் பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சந்திப்புத் தேதி கிடைப்பதற்குள் உயிர் போகும் என்பது வேறு கதை. இங்கே கும்பகோணத்தில் காலையில் லேபில் ரத்தம் கொடுத்தோம், சாயங்காலம் ரிசல்ட் வந்துவிட்டது.

மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 6.1. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். புதிதாகப் பார்த்த சர்க்கரை டாக்டருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "மத்தியானத்துல வேர்த்துக் கொட்டுதாம்மா? கை நடுங்குதா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர். ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில போட்டுக்குவேன், சரியாப் போயிடும்."

இதை அம்மா என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிளிமிபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மருந்து. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. நான்கு வருடத்துக்கு முன், மூன்று வேளையும் சாதம் சாப்பிட்டவருக்கு எழுதிய அளவு அது. இப்போது அம்மா ராத்திரிக்கு இரண்டு இட்லியோடு நிறுத்திவிடுகிறார். சிறுநீரகம் வடிகட்டும் வேகமும் 42-க்கு இறங்கியிருக்கிறது. வயதானவருக்கு, சிறுநீரகமும் தளர்ந்த நிலையில், இந்த மருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து அதிகம். இந்த வயதில் வேறு நோய்களும் இருந்தால் மூன்று மாத சராசரி 8-க்குள் இருந்தாலே போதும் என்றார். கிளிமிபிரைடை நிறுத்தினார். மெட்பார்மினை ஒரு நாளைக்கு 1,000 ஆக்கினார். அந்த வடிகட்டும் எண் 30-க்குக் கீழே போனால் அதையும் நிறுத்த வேண்டுமாம். பல வருடம் மெட்பார்மின் போட்டால் பி12 குறையலாம் என்று அதற்கும் ஒரு டெஸ்ட். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லி வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புதிதாக எம்பாகிளிப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்த்தார். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பு. இந்தியாவில் அதன் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும் மற்ற கம்பெனிகளும் தயாரிக்க ஆரம்பித்து, ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது 10 ரூபாய்ப் பக்கம் வந்துவிட்டது. கடையில் பழைய விலை அட்டையைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். மருந்தின் பெயரைச் சொல்லி "இதுல விலை குறைஞ்சது எது?" என்று கேட்டு வாங்குங்கள். பட்டினி கிடக்கும் நாளிலும், வாந்தி பேதி என்றாலும் இதைப் போடக் கூடாது. சஷ்டிக்கு முழு விரதம் இருக்கிற அம்மாவிடம் இதை எழுதியே கொடுத்தார்.

அத்தையின் கதை நேர் எதிர். அவருக்கு மாத்திரைகள் எடுபடாமல் போய் டாக்டர் இன்சுலின் சொன்னார். "ஊசின்னா கடைசி கட்டம்தானே" என்று அத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டார். வருடம் ஏற ஏறக் கணையத்தில் இன்சுலின் சுரப்பது குறைந்துகொண்டே வரும். பலருக்கு ஒரு கட்டத்தில் ஊசி தேவைப்படுவது இந்த நோயின் போக்கு, நோயாளியின் குற்றம் அல்ல. யாரோ இதை முன்பே சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடம் வீணாகியிருக்காது.

அத்தைக்கு இன்சுலின் வாங்கப் போன கடையில், குப்பியோடு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்தார்கள். இந்தியாவில் பெரும்பாலும் விற்கிற குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றித் தரச் சொன்னதும் கடைப் பையன் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றான். முதலாளி வந்து மாற்றிக் கொடுத்தார்.

வெளிநாட்டிலிருந்து இன்சுலினோடு வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெளிநாடுகளில் கிடைப்பது பெரும்பாலும் 100 யூனிட். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பேனா உடைந்துவிட்டது என்று அந்த மருந்தை இங்கே சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மாற்றுப் பேனாவும் ஊசிமுனைகளும் கைப்பையிலேயே இருக்கட்டும்.