மாதக் கட்டணத்துக்கு பேக்லிங்க்: சிறு கடைக்கு அது தேவையா?

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டரும் அதற்கான உதிரி பாகங்களும் விற்கும் எங்கள் கடையின் இணையதளத்துக்காக, ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்திடம் எடுத்திருந்த பேக்லிங்க் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. பேக்லிங்க் என்பது வேறொரு தளத்திலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு; அது கூடினால் கூகுள் தேடலில் நம் தளம் மேலே வரும் என்று சொல்லி விற்கிறார்கள். இதே திட்டத்தை, ஏறத்தாழ இதே வாக்குறுதிகளுடன், ஊருக்கு ஊர் பலர் விற்கிறார்கள் என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

மாதம் 12,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அதற்கு ஈடாக 40 வெளித்தளங்களில் எங்கள் தளத்துக்கு இணைப்பு போட்டு, மாதக் கடைசியில் எக்செல் அறிக்கை அனுப்புவார்கள். சேவை என்ற அளவில் குறை சொல்ல முடியாது. அழைத்தால் எடுத்தார்கள், அறிக்கை தவறாமல் வந்தது, எண்ணிக்கையும் குறையவில்லை.

ஆனால் அந்த எக்செல் கோப்பில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் பொறுமை வாங்குபவருக்கு வேண்டும். ஒன்றில் நாய்க்குட்டி வளர்ப்பு பற்றிய ஆங்கிலக் கட்டுரை இருந்தது. தடுப்பூசி அட்டவணையை விளக்கும் வாக்கியத்தின் நடுவே, எந்தத் தொடர்பும் இல்லாமல், ‘கோயம்புத்தூர் டில்டிங் கிரைண்டர் விலை’ என்ற சொற்கள் நீல நிறத்தில் நின்றன. அதற்கு முந்தைய பத்தியில் ஒரு சூதாட்டத் தளத்துக்கும், பிந்தைய பத்தியில் எங்கோ வெளிநாட்டில் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கும் இணைப்புகள். நாய் வளர்ப்பவர் எவரும் அதைப் படித்துவிட்டுக் கிரைண்டர் வாங்க வரமாட்டார் என்பது எழுதியவருக்கும் தெரியும். அது தேடுபொறியின் கண்ணில் படுவதற்காக மட்டுமே எழுதப்பட்ட பக்கம்.

அறிக்கையில் ஒவ்வொரு தளத்துக்கும் எதிரே ‘டிஏ’ (டொமைன் அத்தாரிட்டி) என்றொரு மதிப்பெண் போட்டிருந்தார்கள். விலை பேசும்போதும் அதைத்தான் பெரிதாகக் காட்டினார்கள். அது மோஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணிப்பாக நூற்றுக்குத் தரும் எண். கூகுள் அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை.

இணைப்புக்கு மதிப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் அடிப்படையே, ஒரு பக்கம் மற்றொன்றுக்குத் தரும் இணைப்பைப் பரிந்துரையாக எண்ணலாம் என்பதுதான். பரிந்துரைக்கு மதிப்பு வந்ததும் அதை விற்பவர்களும் வந்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஜேசி பென்னி அங்காடி, தொடர்பற்ற தளங்களில் போடப்பட்ட இணைப்புகளால் தேடலில் முன்னிலை பெற்றிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்ததும் கூகுள் அதைக் கீழே தள்ளியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், போலி இணைப்புகளால் மேலே வரும் தளங்களைக் கீழே இறக்க, தேடல் நிரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. 2013 பிப்ரவரியில் பிரிட்டனின் இன்டர்ஃபுளோரா பூ விற்பனை நிறுவனம், நாளிதழ் தளங்களில் வெளியான விளம்பரக் கட்டுரைகளின் இணைப்புகளுக்காகத் தண்டிக்கப்பட்டது. தன் குரோம் உலாவிக்காக ஒப்பந்ததாரர்கள் நடத்திய பிரசாரத்தில் கட்டண இணைப்பு இருந்ததற்காக, 2012-இல் குரோம் பக்கத்தையே கூகுள் தரவரிசையில் இறக்கியது என்பது இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி.

சிறு கடைக்காரர் இவற்றைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 2016-க்குப் பிறகு நடந்ததை. அந்த ஆண்டு செப்டம்பரில் பெங்குவின் கூகுளின் மைய நிரலோடு சேர்ந்தபோது, போலி இணைப்புக்காகத் தளத்தையே இறக்குவதைவிட அந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காமல் விடும் வழக்கம் வந்தது. 2022 டிசம்பரிலிருந்து ஸ்பாம்பிரெயின் என்ற கூகுளின் தானியங்கி அமைப்பு, இணைப்பு வாங்கும் தளங்களையும் விற்பதற்கென்றே நடத்தப்படும் தளங்களையும் கண்டறியப் பயன்படுகிறது. தண்டனை வந்தாலாவது, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் அறிவிப்பு வரும், நாம் விழித்துக்கொள்வோம். கணக்கில் எடுக்காமல் விட்டால் அப்படி ஓர் அறிவிப்பும் வராது, மாதாமாதம் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

விற்பவரிடம் நான் வைத்த கேள்வி எளிமையானது. காசு கொடுத்துப் பெற்ற இணைப்பை ‘ஸ்பான்சர்டு’ (கட்டண இணைப்பு) என்றோ ‘நோஃபாலோ’ (பரிந்துரையாக எண்ண வேண்டாம்) என்றோ பக்கத்தின் நிரலில் குறியிட வேண்டும் என்பது கூகுளின் விதி, நீங்கள் குறியிடுவீர்களா? குறியிட்டால் தரவரிசைக்குப் பயன் இருக்காது என்றார். குறியிடாவிட்டால் விதிமீறல் ஆயிற்றே என்றதற்கு, எல்லோரும் செய்கிறார்கள் என்றார். எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மைதான். அப்படி ஏறிய தளங்கள் சில காலம் மேலேயே நிற்பதும் உண்டு. ஆனால் காசை இறைத்து இணைப்பு வாங்கும் போட்டியில் பெரிய மின்வணிக நிறுவனங்களோடு ஓர் உள்ளூர்க் கடை எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும்?

அதோடு, எங்களுக்கு வரும் வாடிக்கையாளரில் பெரும்பாலோர் ‘பக்கத்தில் கிரைண்டர் சர்வீஸ்’ என்று தேடி, வரைபடத்தில் தெரியும் கடைகளைப் பார்த்து அழைப்பவர்கள். அந்த வரிசைக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. பிரபலத்தில் இணைப்புக்கும் பங்கு உண்டு, மதிப்புரைகளுக்கும் உண்டு. வரைபடத்தில் கடையைக் காட்டும் கூகுளின் பிசினஸ் புரொஃபைல் பக்கத்தில் கடை நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் படங்களையும் சரியாக வைத்திருப்பதற்குக் கட்டணம் கிடையாது. பேக்லிங்க் விற்ற நிறுவனமோ அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, திட்டத்தில் இல்லையாம்.

எங்களுக்கு வந்த பயனுள்ள இணைப்புகள் அவர்கள் வழியாக வந்தவை அல்ல. கிரைண்டர் தயாரிப்பாளரின் தளத்தில் டீலர் பட்டியலில் எங்கள் முகவரியைச் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள். புதுக் கல்லை முதல் தடவை எப்படிக் கழுவி அரைத்துப் பழக்குவது, பெல்ட் தளர்ந்தால் எப்படி மாற்றுவது என்பதைப் படங்களோடு எழுதி வைத்த பக்கத்துக்குச் சமையல் குறிப்பு எழுதுபவர்கள் தாங்களாகவே இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். புகைப்படக்காரருக்கும் தட்டச்சு செய்து திருத்தித் தந்தவருக்கும் காசு கொடுத்தோம். இது போன்ற வேலைக்கு வெளியாளை அமர்த்துவதில் எந்த விதிமீறலும் இல்லை. மாதத்துக்கு இத்தனை இணைப்பு என்று எண்ணிக்கை பேசி விற்பவரிடம் வாங்குவதை மட்டும்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

ஒப்பந்தத்தை நிறுத்தியபோது, ‘நச்சு இணைப்பு நீக்கம்’ என்று தனிக் கட்டணத்தில் இன்னொரு திட்டத்தை அதே நிறுவனம் முன்வைத்தது. போட்டதற்கும் காசு, எடுப்பதற்கும் காசு. இணைப்புகளைக் கழித்துவிடச் சொல்லும் டிசவ்வோ கருவி 2012 முதல் இலவசமாகவே இருக்கிறது, பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. எனவே முதலில் சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ என்ற, கூகுள் தண்டனை விதித்திருந்தால் அதைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே அறிவிப்பு எதுவும் இல்லையென்றால் அந்தத் திட்டத்துக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.