கறுப்பு ஸ்க்ரூ, மஞ்சள் ஸ்க்ரூ, எஸ்.எஸ். ஸ்க்ரூ: எதை எங்கே போடுவது?

ஹார்டுவேர் கடையில் "ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூ ஒரு பாக்கெட்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது கறுப்பு ஸ்க்ரூதான். விலை குறைவு, மெஷினில் சர்ரென்று இறங்கும், அதனால் அலமாரி, கீல், கிச்சன் ரேக் என்று எல்லாவற்றிலும் அதையே முடுக்கிவிடுகிறார்கள். ஆனால் அது ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடும் ஜிப்சம் போர்டுக்கென்றே செய்தது. தலை எக்காளம் மாதிரி விரிந்திருப்பதே போர்டின் மேல்காகிதம் கிழியாமல் உட்காரத்தான்.

என் வீட்டு அலமாரிக் கீலில் இதைப் போட்டு, ஆறே மாதத்தில் இரண்டு தலைகள் டக்கென்று துண்டாகிவிட்டன. தண்டு பிளைவுட்டுக்குள் நின்றுகொண்டது, பிளேயரால் பிடிக்கக்கூட நுனி வெளியே இல்லை, கடைசியில் கீலையே தள்ளி மாட்ட வேண்டியதாயிற்று. கடினப்படுத்திய இரும்பு அது, கனம் தொங்கினால் வளையாது, முறியும். மேலே இருக்கும் பாஸ்பேட் பூச்சும் ஈரத்துக்கு ஆகாது.

பிளைவுட், பார்ட்டிகிள் போர்டுக்கு என் ஓட்டு துத்தநாகப் பூச்சுள்ள மஞ்சள் சிப்போர்டு ஸ்க்ரூவுக்குத்தான். மரை ஆழம், கடித்துப் பிடிக்கும். எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்தது) பலகையின் ஓரத்தில் மட்டும் நேரடியாக முடுக்காதீர்கள், பிளந்துவிடும், 4 மி.மீ. ஸ்க்ரூ என்றால் முதலில் 2.5 அல்லது 3 மி.மீ. பிட்டால் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பாத்ரூம், பால்கனி என்றால் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதில் 304 ரகம். கடற்கரைப் பக்கம் வீடு இருந்தால் 316, கூடக் கொடுத்தாலும் சரி. ஒரே தொல்லை, இது மிருது. வேகமாக முடுக்கினால் ஸ்டார் குழி தேய்ந்து வட்டமாகிவிடும், அப்புறம் உள்ளேயும் போகாது வெளியேயும் வராது. வாங்கும்போது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். லேசாக இழுத்தால் பரவாயில்லை, பச்சக்கென்று ஒட்டினால் அது 410 ஆக இருக்கலாம், அல்லது பூச்சு பூசிய வெறும் இரும்பாகவும் இருக்கலாம். 410-ம் எஸ்.எஸ்.தான், ஆனால் 304-ஐவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கூரை ஷீட்டுக்கு இந்த மூன்றுமே வேண்டாம், நுனியிலேயே டிரில் உள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூதான். அதிலும் முழு பலத்தோடு முடுக்கினால் ரப்பர் வாஷர் பிதுங்கி வெளியே வந்துவிடும், அடுத்த மழைக்கு அந்த ஓட்டை வழியாகவே ஒழுகும். வாஷர் ஷீட்டில் அழுந்தி உட்கார்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.