டிஸ்சார்ஜ் சம்மரியை நம்பி ஃபைலை மூடிவிடாதீர்கள்

மாதவிலக்கு வந்தால் முதல் நாளே சுருண்டு படுத்துவிடுவேன். வலி வலப்பக்கம் மட்டும்தான். எந்த மாத்திரைக்கும் அடங்காது. எனக்கு அப்போது 26 வயது. ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவரில் 3 செ.மீ. கட்டி தெரிந்தது. "சாதாரண ஃபைப்ராய்டுதான், அதாவது தசைக்கட்டி, நடுவில் நீர் கோத்திருக்கிறது, லேப்ராஸ்கோபியில் எடுத்துவிடலாம்" என்றார் டாக்டர். எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டாமா என்று அக்கா கேட்டாள். வீண் செலவு என்றார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஃபைப்ராய்டு முழுமையாக அகற்றப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தார்கள். எடுத்த கட்டியை லேபில் பரிசோதித்துத் தரும் பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடவில்லை. நானும் விட்டுவிட்டேன், அது என் தப்பு.

மூன்றாம் மாதமே அதே இடத்தில் அதே வலி. திரும்பப் போனால், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்மா" என்றார்கள். (எந்த மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறதோ!)

வேறு டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?" நாலு தடவை அலைந்து வாங்கினேன். சிஸ்டிக் அடினோமயோமா என்று இருந்தது. ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாளே வந்த ரிப்போர்ட், எட்டு மாதமாக அவர்கள் ஃபைலிலேயே கிடந்திருக்கிறது.

புது டாக்டர் படம் வரைந்து காட்டினார். கர்ப்பப்பையின் உள்சவ்வு தசைக்குள் சிக்கி ஒரு பை போல ஆகிவிடும். மாதாமாதம் அதற்குள்ளேயே ரத்தம் கசிந்து தேங்கும், வெளியேற வழியில்லை. இளம் பெண்களுக்கு அரிதாக வருவது, புற்றுநோய் இல்லை. ஃபைப்ராய்டைச் சுற்றி உறை மாதிரி ஒன்று இருப்பதால் பிரித்து எடுக்கலாம். இதற்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. பையைத் திறந்து ரத்தத்தை வடித்துவிட்டுச் சுவரை விட்டுவைத்தால் மறுபடி நிரம்பும். எனக்கு நடந்தது அதுதான். எம்.ஆர்.ஐ.யில் தேங்கிய ரத்தம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. முதலிலேயே எடுத்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும்.

இரண்டாவது ஆபரேஷனில் சுவரோடு எடுத்தார்கள். இப்போது வலி இல்லை. ஆனால் கர்ப்பப்பையில் இரண்டு முறை கத்தி பட்டாயிற்று. கருத்தரித்தால் அந்தத் தழும்பைக் கவனமாகப் பார்க்க வேண்டுமாம்.

கட்டியை எடுத்தவர்கள், தயவுசெய்து பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் அது வருவதற்கு முன்பே எழுதப்படுவது. சந்தேகம் இருந்தால் ஸ்லைடையும் (கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடி) பிளாக்கையும் (கட்டித் துண்டு பதித்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கி வேறு இடத்தில் காட்டுங்கள்.

முதல் மருத்துவமனைக்குப் புகார் எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "நீங்கள் கேட்டிருந்தால் அப்போதே கொடுத்திருப்போம்."