பெங்களூரு, மும்பை, டெல்லி: ஒரு டம்ளர் ஃபில்டர் காபிக்கு எவ்வளவு விழுகிறது?

காபிப் பொடி பெங்களூரு மல்லேஸ்வரத்தில் கிலோ என்ன விலை, மும்பை மாட்டுங்காவில் என்ன, டெல்லி கரோல் பாகில் என்ன என்று விசாரித்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். டம்ளருக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள்.

பொடி கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டம்ளருக்கு 10 கிராம் பொடி, 100 மில்லி பால். பெங்களூரில் நந்தினி பால் நீல பாக்கெட் 2025 ஏப்ரல் முதல் லிட்டர் 46 ரூபாய். ஆக, பொடி 8, பால் 4.60, மொத்தம் 12.60. மும்பையிலும் டெல்லியிலும் பால் லிட்டருக்கு 10 ரூபாய் கூடுதல் என்றாலும் டம்ளருக்கு ஏறுவது 1 ரூபாய்தான். ஊரிலிருந்து கூரியரில் வரவழைக்க கிலோவுக்கு 100 ரூபாய் ஆனால் அதுவும் 1 ரூபாய்தான்.

உண்மையான நஷ்டம் பழைய பொடியில். கூரியர் செலவை மிச்சம் பிடிக்க இரண்டு கிலோ வாங்கி வைத்தால், பாதி தீர்வதற்குள் மணம் போய்விடும். டிகாஷன் திடமாக இறங்காமல் 13 கிராம் போடுவீர்கள், அங்கேயே 2.40 ரூபாய் போச்சு. பெங்களூரில் பல கடைகளில் புதிதாக வறுத்து அரைத்துத் தருகிறார்கள், 100 கிராம்கூட வாங்கலாம். அந்த ஊரின் பெரிய லாபம் இதுதான். மற்ற இரு ஊர்களில் 250 கிராம் பாக்கெட்டுகளாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். பிரிக்காததை ஃப்ரீசரில் வைத்து, குளிர் முழுக்க விட்ட பிறகே பிரியுங்கள். இல்லாவிட்டால் பொடியில் ஈரம் கோத்துவிடும்.

பொடியில் கலக்கும் சிக்கரி என்ற வேர்ப்பொடியின் பங்கையும் பாருங்கள். 80:20 பொடி (காபி 80, சிக்கரி 20) 800 ரூபாய், 60:40 பொடி 600 ரூபாய் என்றால், சிக்கரிக்கு விலை போடாமல் பார்த்தால் இரண்டிலும் காபிக்கு நீங்கள் கொடுப்பது கிலோவுக்கு 1,000 ரூபாய். மலிவு என்பது வெறும் தோற்றம்.

விலையேற்றத்தில் மூன்று ஊருக்கும் ஒரே கதிதான். மத்திய அரசின் காபி வாரியமே மொத்தமாக வாங்கி விற்ற காலம் 1996-இல் முடிந்தது; அதிலிருந்து கொட்டை விலையை லண்டன், நியூயார்க் சந்தைகள் இழுக்கின்றன. வியட்நாம், பிரேசில் வறட்சியால் 2024-இல் மலிவு ரகமான ரோபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரையும், 2025 பிப்ரவரியில் உயர் ரகமான அராபிகா பவுண்டுக்கு 4 டாலரையும் தாண்டின. நாட்டின் காபியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைந்தும் பெங்களூரு தப்பவில்லை. ரோபஸ்டாவும் ஏறியதால், பீபெரியை (பழத்துக்குள் ஒற்றைக் கொட்டையாக விளைவது) விட்டு ரோபஸ்டாவுக்கு மாறினால் முன்புபோல் மிச்சமாகாது.

டெல்லிக் குளிருக்குத் தனியாக ஒன்று: ஜனவரியில் ஜில்லிட்ட ஃபில்டர் வெந்நீரின் சூட்டை உறிஞ்சிவிடும், டிகாஷன் நீர்த்து இறங்கும். பொடியைக் கூட்டாதீர்கள், ஃபில்டரை முதலில் வெந்நீரில் அலசித் துடைத்துவிட்டுப் பொடி போடுங்கள்.