நோஎஸ்எம்டியா, கோர் ஷெட்யூலிங்கா? கேவிஎம் ஹோஸ்ட்ல எத போடலாம்

கேவிஎம்ங்கறது லினக்ஸ்ல விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டுற வசதி, அந்த விஎம்கள தாங்குற சர்வர் தான் ஹோஸ்ட். 2018 ஆகஸ்ட்ல எல்1டிஎஃப்ங்கற இன்டெல் ப்ராசஸர் ஓட்டை வெளிய வந்துச்சு, அடுத்த மே மாசம் எம்டிஎஸ்ங்கற இன்னொரு ஓட்டை வந்துச்சு, ரெண்டுலயும் ஒரே கோர்ல ஓடுற இன்னொருத்தரோட டேட்டா கசியலாம், அதுல இருந்து ஒரே பிசிக்கல் கோரோட ரெண்டு த்ரெட்ல ரெண்டு வேற வேற கஸ்டமரோட விஎம் ஓடுறது பாதுகாப்பு இல்லன்னு ஆயிடுச்சு. ஒண்ணு பூட்ல நோஎஸ்எம்டிங்கற கெர்னல் ஆப்ஷன் குடுத்து ஹைப்பர்த்ரெடிங்க (ஒரு கோர ரெண்டு த்ரெட்டா காட்டுறது) மொத்தமா அணைக்கணும், இல்லன்னா கோர் ஷெட்யூலிங் போடணும். கேவிஎம் மாதிரியே விஎம் ஓட்டுற ஹைப்பர்-வியும் ஸென்னும் முன்னாடியே கோர் ஷெட்யூலிங்க செஞ்சிட்டாங்க, லினக்ஸ்ல கெர்னல் டெவலப்பர் பீட்டர் ஸில்ஸ்ட்ரா 2019 பிப்ரவரில முதல் பேட்ச் அனுப்பி, 2021ல 5.14 கெர்னல்ல தான் மெர்ஜ் ஆச்சு.

வேலை செய்ற விதம் சிம்பிள். ஒரு விஎம்மோட விசிபியூ (விஎம்முக்குள்ள தெரியிற சிபியூ) த்ரெட் எல்லாத்துக்கும் ஒரே குக்கீ, அதாவது ஒரே அடையாளக் குறி, குக்கீ ஒத்துப்போனா மட்டும்தான் ஒரே கோர்ல சேந்து ஓட விடும். விஎம்கள நிர்வகிக்கிற லிப்விர்ட்ல க்யூமு கான்ஃபிக்லயே இதுக்கு செட்டிங் இருக்கு, விசிபியூவுக்கு மட்டும் போடலாம், எமுலேட்டர் த்ரெட்டையும் (விஎம்ம ஓட்டுற க்யூமுவோட சொந்த த்ரெட்) சேத்தும் போடலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நிறைய பேர் காலியா இருக்கிற ஹோஸ்ட்ல ஒரே ஒரு பெரிய விஎம்ம வெச்சு சிஸ்பென்ச்ங்கற பென்ச்மார்க் ஓட்டிட்டு "கோர் ஷெட்யூலிங்ல நஷ்டமே இல்ல"ன்னு முடிவு பண்ணிடறாங்க, அந்த நம்பர நம்பாதீங்க. அங்க குக்கீ மோதறதுக்கு வேற விஎம்மே இல்லையே. ஹோஸ்ட்ல இருக்கிற சிபியூவ விட விசிபியூ அதிகமா ஏத்தி, எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிசியாக்குனா தான் வித்தியாசம் தெரியும்.

ஏ-ங்கற விஎம்மோட ஒரு விசிபியூ ஒரு த்ரெட்ல ஓடுதுன்னு வைங்க, அது கூட சேந்து ஓட ஏ-கிட்ட வேற விசிபியூ ரெடியா இல்ல, க்யூவுல பி-யோட விசிபியூ காத்துட்டு நிக்குது, ஆனா குக்கீ வேற, அதனால பக்கத்து த்ரெட்ட கெர்னல் வேணும்னே சும்மா போட்டுடும். இதுதான் ஃபோர்ஸ்டு ஐடில். ஒரே ஒரு விசிபியூ இருக்கிற குட்டி விஎம்மா ஹோஸ்ட் பூரா நிறைஞ்சிருந்தா இது எப்பவுமே நடக்கும், கோர்ல பாதி சும்மா கிடக்கும், அதுக்கு மேல குக்கீ பாத்து ஆள் தேடுற செலவு வேற. இந்த இடத்துல நோஎஸ்எம்டியே தேவலை. நெட்பெர்ஃப் (நெட்வொர்க் பென்ச்மார்க்) மாதிரி அடிக்கடி தூங்கி முழிக்கிற வேலையும் அதே கதைதான், விசிபியூ ஜோடி சேர்றதுக்குள்ள தூங்கிடும்.

நாலு, எட்டு விசிபியூ இருக்கிற விஎம்ல கெர்னல் கம்பைல் மாதிரி சிபியூவ விடாம திங்கிற வேலையா இருந்தா கோர் ஷெட்யூலிங்குக்கு தான் என் ஓட்டு. ஜோடி எப்பவும் கிடைக்கும், ஹைப்பர்த்ரெடிங்கோட லாபம் பெரும்பாலும் கையில நிக்கும், நோஎஸ்எம்டில அது மொத்தமா போயிடும்.

டெஸ்ட் பண்றவங்க த்ரூபுட் மட்டும் பாக்காம கெஸ்ட்டுக்குள்ள (விஎம்முக்குள்ள) ஸ்டீல் டைம், அதாவது விசிபியூ ஓட ரெடியா இருந்தும் காத்துட்டு நிக்கிற நேரம், பாருங்க, டெயில் லேட்டன்சி (ரொம்ப மெதுவான ரெக்வஸ்டுகளோட தாமதம்) பாருங்க, ஃபோர்ஸ்டு ஐடில் எவ்ளோன்னு புது கெர்னல்ல ப்ராக் (/proc) ஃபைல்லயே கிடைக்கும், அத எடுங்க. ஆப்ஷன் எதுவும் போடாத ஹோஸ்ட்டோட மட்டும் ஒப்பிடாதீங்க ப்ளீஸ், அது பாதுகாப்பில்லாத நிலைமை, அத யாரும் ப்ரொடக்‌ஷன்ல வெக்க போறதில்ல, நிஜமான போட்டி நோஎஸ்எம்டியோட தான்.

பாதுகாப்புல ரெண்டும் சமம் கிடையாது. ஒரு த்ரெட்ல கெஸ்ட் ஓடும்போது பக்கத்து த்ரெட் ஹோஸ்ட் கெர்னலுக்குள்ள போயிடுச்சுன்னா கோர் ஷெட்யூலிங் அத தடுக்காது, கெர்னல் டாக்குமெண்டேஷன்லயே இத எழுதி வெச்சிருக்காங்க. அதனால எல்1டிஎஃப் பாதிக்கிற பழைய இன்டெல் ப்ராசஸர்ல, யாருன்னே தெரியாதவங்களுக்கு விஎம் குடுக்கிறீங்கன்னா, பென்ச்மார்க் என்ன சொன்னாலும் நான் ஹைப்பர்த்ரெடிங்க அணைச்சிட்டு தான் குடுப்பேன்.